குர்னா மலையும் ஹஸன் ஃபத்தியும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, நம் சிவில் டிபார்ட்மெண்டைப் பற்றி ஏதாவது மலரும் நினைவுகள் எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பார், ஸர்வே கேம்ப்பில் தியோடலைட்டைக் கிணற்றில் போட்ட கதை, இதெல்லாம் வருஷா வருஷம் யாராவது எழுதிவிடுகிறார்கள். (தியோடலைட்டைப் போட்டது எங்கள் பேட்ச் இல்லை. ஒவ்வொரு பேட்சும் அடுத்த பேட்சைத்தான் காட்டுகிறது.) அதனால் நான் ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நம் காலேஜில் படித்தவரோ நம் நாட்டுக்காரரோ இல்லை. எகிப்துக்காரர். பெயர் ஹஸன் ஃபத்தி. 1989-ல் இறந்து போனார். எனக்கு அவர் மேல் மரியாதையும் உண்டு, ஒரு கோபமும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அவர் பெயர் எனக்கு முதலில் காதில் விழுந்தது 2010-ல், மூன்றாம் வருஷ இண்டஸ்ட்ரியல் விசிட்டில். ஆரோவில்லில் மண் கட்டட நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒருவர் சாரம் இல்லாமல், பலகை இல்லாமல், அந்தரத்தில் செங்கல் செங்கலாக ஒட்டி ஒரு வளைவுக் கூரை போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் நாற்பது பேரும் அது எப்போது விழும் என்று காத்துக்கொண்டு நின்றோம். விழவில்லை. இது நூபியா முறை, ஃபத்தி என்பவர் உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது என்று சொன்னார்கள். நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன், பரீட்சைக்கு வராது என்று தெரிந்ததும் மறந்தும் போனேன்.

மறுபடி ஞாபகம் வந்தது ஆறு வருஷம் கழித்து. அதற்கு ஒரு காரணம் உண்டு. பின்னால் வருகிறேன்.

ஹஸன் ஃபத்தி 1900 மார்ச்சில் அலெக்ஸாண்ட்ரியாவில் பிறந்தார். வசதியான குடும்பம், ஊரில் நிலபுலன் உண்டு. ஆனால் அப்பாவுக்குக் கிராமம் என்றாலே ஆகாது. கொசு, சேறு, வியாதி, அவ்வளவுதான் அவருக்கு. அம்மா சின்ன வயதில் கிராமத்தில் வளர்ந்தவர், அதைப் பற்றி ஏக்கமாகப் பேசிக்கொண்டே இருப்பாராம். மகன் நகரத்திலேயே வளர்ந்து, கிராமத்தைப் பார்க்காமலே அதன் மேல் ஆசை வைத்துவிட்டார். விவசாயம் படிக்கப் போனார். நுழைவுத் தேர்வில் பயிர் பற்றிக் கேட்டார்கள், முழித்தார், வெளியே அனுப்பிவிட்டார்கள். பயிரே பார்த்திராத பிள்ளை வேறு என்ன செய்யும்? கெய்ரோவில் எஞ்சினியரிங் பள்ளியில் கட்டடக் கலைப் பிரிவில் சேர்ந்து 1926-ல் தேறினார். 1930 முதல் நுண்கலைக் கல்லூரியில் வாத்தியார்.

இருபத்தேழு வயசு வாக்கில்தான் சொந்தப் பண்ணையை முதல்முறை நேரில் பார்த்தார். அங்கே வேலை செய்கிறவர்களின் குடிசையைப் பார்த்ததும் ஆளுக்குப் பேச்சே வரவில்லை. அம்மா சொன்ன கிராமம் அங்கே இல்லை. அழுக்கு, இருட்டு, நிமிர்ந்து நிற்க முடியாத கூரை. இந்த வீட்டை நாம் சரி பண்ண வேண்டும் என்று அன்றைக்கு எடுத்த முடிவை அறுபது வருஷம் விடவில்லை.

அவர் போட்ட கணக்கு சுலபமான கணக்கு. கான்கிரீட்டுக்கும் கம்பிக்கும் விவசாயியிடம் காசு கிடையாது. காலடியில் இருப்பது மண். அதில்தான் அவன் ஆயிரக்கணக்கான வருஷமாகச் சுவர் வைக்கிறான். சுவர் பிரச்சினையே இல்லை, கூரைதான் பிரச்சினை. எகிப்தில் மரம் அரிது, உத்தரத்துக்கு விலை ஜாஸ்தி. மண்ணால் தட்டைக் கூரை போட முடியாது. இழுவிசை தாங்காது என்று நம் முதல் வருஷப் பையனுக்கே தெரியும். வளைவாகப் போட்டால் முழுக்க அமுக்கு விசைதான், மண் தாங்கும். சரி, வளைவு போடலாம். ஆனால் வளைவைத் தாங்கிப் பிடிக்க அடியில் மரச் சாரம் வேண்டும். மரம் இல்லை என்றுதானே வளைவுக்கே வந்தோம்! இரண்டாம் உலகப் போரில் கம்பியும் மரமும் அடியோடு கிடைக்காமல் போக, பஹ்தீம் என்ற இடத்தில் ஒரு பண்ணைக்குச் சாரம் இல்லாமல் மண் வளைவு போட்டுப் பார்த்தார். இடிந்து விழுந்தது. மறுபடி போட்டார். மறுபடி விழுந்தது.

அப்போது அஸ்வான் அணைக்கட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அண்ணன், இங்கே நூபியர்கள் சாரமே இல்லாமல் மண்ணில் கூரை போடுகிறார்களே என்று தகவல் சொன்னார். 1941-ல் மாணவர்களோடு அஸ்வான் போனார். நதியின் மேற்குக் கரையில் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தெரு முழுக்க வளைவுக் கூரை வீடுகள். சுத்தமாக, அழகாக. எந்தக் கல்லூரியிலும் படிக்காத கொத்தனார்கள் கட்டியவை.

முறை என்னவென்றால், அறையின் பின்சுவரை மட்டும் உயரமாகக் கட்டிக்கொள்கிறார்கள். அதன் மேல் கொத்தனார் சேற்றை அப்பி, கண் திட்டத்திலேயே ஒரு வளைகோடு செதுக்குகிறார். பிறகு மெல்லிய செங்கல், கிட்டத்தட்ட 25-க்கு 15-க்கு 5 சென்டிமீட்டர், வைக்கோல் கூடுதலாகப் போட்டுக் கனம் குறைத்தது. அதன் முகத்தில் ஈரமாக இருக்கும்போதே விரலால் வரிவரியாகக் கீறி வைத்திருப்பார்கள், சேறு கவ்விப் பிடிக்க. முதல் வரிசையைப் பின்சுவர் மேல் சாய்த்து ஒட்டுகிறார்கள். அடுத்தது அதன் மேல் சாய்கிறது. இப்படி ஒவ்வொரு வளையமும் முன்னதன் மேல் சாய்ந்துகொண்டே அறையின் மறு முனை வரை வந்துவிடும். அடியில் ஒன்றுமே கிடையாது. இரண்டு கொத்தனார்கள் ஓர் அறையை ஒன்றரை நாளில் மூடிவிட்டார்கள் என்று ஃபத்தி எழுதுகிறார். அந்த வளைகோடு பரவளையம். சுய எடைக்குச் சரியான கோடு கேடனரி என்று யாராவது ஜூனியர் கை தூக்குவார், உட்காரப்பா, அந்த அகலத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். நாம் ஸ்ட்ரக்சர்ஸ் லேப்பில் சங்கிலி தொங்கவிட்டுக் கண்டுபிடித்ததை அவர்கள் கைக்கோடரியால் செதுக்கிவிடுகிறார்கள்.

லக்ஸருக்கு எதிர்க்கரையில் ராமெஸ்ஸியம் கோயில் இருக்கிறது. அதன் பின்னால் உள்ள தானியக் கிடங்குகள் இதே முறையில் போட்ட மண் வளைவுகள். வயது 3,200 வருஷத்துக்கு மேல். இன்னும் நிற்கின்றன. ஆக, ஒரு புராதன நுட்பத்தை மியூசியம் காப்பாற்றவில்லை, கொத்தனார் குடும்பங்கள் காப்பாற்றியிருக்கின்றன. ஃபத்தி அந்தக் கொத்தனார்களைக் கையோடு பஹ்தீமுக்கு அழைத்து வந்தார். கூரை நின்றது. அது முதல் அவர் எங்கே கட்டினாலும் அஸ்வான் கொத்தனார்கள் கூடவே போனார்கள். 1980 வாக்கில் அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோவில் ஒரு மசூதி கட்டப் போனபோதும் இரண்டு நூபியக் கொத்தனார்கள் விமானத்தில் பக்கத்து ஸீட்டில். இது எனக்குப் பிடித்த விஷயம். புத்தகம் எழுதினால் தன் பெயரைப் போட்டுக்கொண்டு கொத்தனாரை விட்டுவிடுகிறவர்கள்தான் நம் தொழிலில் ஜாஸ்தி.

இப்போது குர்னா.

அதே ராமெஸ்ஸியத்துக்கு மேலே ஒரு மொட்டை மலைச்சரிவு. உள்ளே முழுக்க மூவாயிரத்து முந்நூறு, மூவாயிரத்து நானூறு வருஷத்துக் கல்லறைகள். அரசர்களின் அதிகாரிகளுடையவை, சுவர் எல்லாம் ஓவியம். அந்தக் கல்லறைகளின் வாசலில் வீடு கட்டிக்கொண்டு ஒரு ஊர் வாழ்ந்தது. சிலருக்குக் கல்லறையே ஓர் அறை, உள்ளே ஜில்லென்று இருக்கும், தானியம் வைக்கலாம், ஆடு கட்டலாம். 1826-ல் ராபர்ட் ஹே என்பவர் வரைந்த படங்களிலேயே அந்த மலையில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். ஃபத்தி காலத்தில் ஏறக்குறைய 7,000 பேர். பிழைப்பு என்ன? வெளிநாட்டு ஆராய்ச்சிக் குழுக்களுக்குத் தோண்டுகிற கூலி வேலை, டூரிஸ்டுகளுக்கு வழிகாட்டல், போலிச் சிலை செய்து விற்பது, அப்புறம் ராத்திரியில் கொஞ்சம் அசலும் விற்பது.

திருட்டுப் பசங்க என்று அரசாங்கம் முத்திரை குத்தியிருந்தது. முழுக்கப் பொய்யும் இல்லை. ஆனால் இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். அந்த ஊரில் அப்துல் ரசூல் என்று ஒரு குடும்பம். 1870-கள் வாக்கில் மலையில் ஒரு குழிக்குள் ராஜாக்களின் மம்மிகளைப் பதுக்கி வைத்திருந்த இடம் அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து விற்றுச் சாப்பிட்டார்கள். அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்து சகோதரர்களைப் பிடித்துப் போய் உள்ளங்காலில் அடித்தார்கள். வாயே திறக்கவில்லை. கடைசியில் 1881-ல் பங்குத் தகராறில் மூத்தவர் முகம்மது தானாகவே போய் இடத்தைக் காட்டினார். உள்ளே இரண்டாம் ராம்ஸேஸ் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்ட மம்மிகள். தொல்பொருள் துறை ஒரு புத்திசாலித்தனம் செய்தது. அவரை ஜெயிலில் போடாமல் சன்மானம் கொடுத்து மேஸ்திரியாக வேலைக்கு எடுத்துக்கொண்டது. பத்து வருஷம் கழித்து, 1891-ல், அவர் இன்னோர் இடத்தைக் காட்டினார். அங்கே அமுன் கோயில் பூசாரிகளின் சவப்பெட்டிகள் 150-க்கு மேல்.

அடித்தபோது ஒன்றும் வரவில்லை, வேலை கொடுத்தபோது இரண்டாவது புதையலும் வந்தது. துறை இந்தப் பாடத்தைத் தன் ஃபைலிலேயே வைத்திருந்தும் பிற்பாடு படிக்கவில்லை.

1940-களில் ஒரு கல்லறையிலிருந்து பாறைச் சிற்பத்தை அப்படியே பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். பத்திரிகைகளில் பெரிய ரகளை. மலையிலிருந்து எல்லாரையும் காலி பண்ணு என்று உத்தரவாயிற்று. கீழே வயல்வெளியில் 50 ஏக்கர் வாங்கினார்கள். சிக்கனமாக ஊர் கட்டித்தர ஆள் தேடியபோது மண் வீடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டு ஃபத்தியிடம் வந்தார்கள். 1945-ல் திட்டம், 1946-ல் வேலை ஆரம்பம்.

அவர் செய்ததைப் பார்த்தால் எந்த எஞ்சினியருக்கும் கை கூப்பத் தோன்றும். 900 வீடுகள் கட்ட வேண்டும். டைப் ஏ, டைப் பி என்று இரண்டு டிராயிங் போட்டு 450 பிரிண்ட் எடுத்திருக்கலாம், நாம் அப்படித்தான் செய்வோம். அவர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு என்றார். மலையில் எந்தெந்தப் பங்காளிகள் சேர்ந்து இருந்தார்களோ, கீழேயும் அதே பங்காளிகள் ஒரு முற்றத்தைச் சுற்றி. காற்று எந்தப் பக்கம் வரும், எருமை எங்கே நிற்கும், ரொட்டி அடுப்பின் சூடு குளிர்காலத்தில் படுக்கைக்கு எப்படி வரும் என்றெல்லாம் யோசித்தார். மசூதி, சந்தை, இரண்டு பள்ளிக்கூடம், ஒரு நாடக அரங்கம். கால்வாயில் குளித்து பில்ஹார்ஸியா புழு நோய் வாங்கிக்கொள்கிற பையன்களுக்காகத் தனியாக ஒரு குளம். கல்லறை வருமானம் நின்றுபோகும் என்பதால் நெசவு, மண்பாண்டம் கற்றுத்தர ஒரு தொழிற்கூடம். அஸ்வான் கொத்தனார்கள் குர்னாப் பையன்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தார், கேட்டார். பெண்களிடம் மட்டும் பேச விடவில்லை. வீட்டுக்குள் இருக்கப்போவது அவர்கள்தானே, அவர்களைக் கேட்க முடியவில்லையே என்று அவரே வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார்.

இவ்வளவும் செய்த மனிதருக்கு மூன்று சீஸன் வேலை நடந்தும் ஊரில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சரியாக முடியவில்லை. ஒரு பக்கம் அரசாங்க அலுவலகம். வைக்கோல் வாங்க ஒரு ஃபைல், லாரிக்கு ஒரு ஃபைல், கூலிப் பட்டுவாடாவுக்கு ஒரு ஃபைல். இது நம் எல்லாருக்கும் தெரிந்த கஷ்டம், விரிவாக வேண்டாம். மறு பக்கம் அந்த ஜனங்கள். அவர்கள் கூலிக்கு வந்து செங்கல் அறுத்தார்கள், சுவர் எழுப்பினார்கள், சாயங்காலம் ஆனதும் மலைக்குத் திரும்பிப் போனார்கள். குடிவர மாட்டோம் என்று ஒரே பிடிவாதம். ஒரு நாள் ராத்திரி வயலைச் சுற்றியிருந்த கரையை யாரோ வெட்டிவிட்டார்கள். நைல் வெள்ளம் புது ஊருக்குள் வந்தது. மண் வீட்டுக்குத் தண்ணீரைவிடப் பெரிய எதிரி உண்டா? வெட்டினவனுக்கு மண்ணின் சுபாவம் நன்றாகவே தெரியும்.

ஏன் வரவில்லை என்று பிற்பாடு பல பேர் பல காரணம் சொல்லியிருக்கிறார்கள். குவிமாடம் அந்தப் பக்கத்தில் இறந்தவர்களின் சமாதிக்குப் போடுவது, அதற்குக் கீழே எப்படிக் குடும்பம் நடத்துவது என்று ஒரு காரணம். இருக்கலாம். என் மனசுக்குப் படுகிற காரணம் இன்னும் நேரானது. மலைதான் அவர்களுக்குக் கடை, வேலை, பேங்க், பாட்டன் சொத்து எல்லாம். கீழே கொடுத்தது வீட்டுமனை மட்டும். சுற்றியிருந்த வயல் அத்தனை பேருக்குச் சோறு போடாது. ஃபத்திக்கும் இது தெரியும். அதற்காகத்தான் நெசவு, மண்பாண்டம் என்று முயன்றார். ஆனால் ஆராய்ச்சிக் குழு வந்து தங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மேஸ்திரியையும், ஓவியக் கல்லறையின் சாவியை இடுப்பில் சொருகியிருக்கிற காவல்காரரையும் தறியில் உட்கார் என்றால் உட்காருவாரா?

என் கோபம் இங்கேதான். வீடு எப்படி வேண்டும் என்று அவரைப் போலக் கேட்டவர் அந்தக் காலத்தில் வேறு யாரும் இல்லை. மலையை விட்டு வரச் சம்மதமா என்று மட்டும் கேட்கவில்லை. அது அரசாங்கம் ஏற்கனவே முடிவு செய்த விஷயம். அதற்கு மேல்தான் அவருடைய வேலை ஆரம்பித்தது. கல்லறைகளைக் காப்பாற்றுவது என்றால் அங்கே இருக்கிறவர்களை அப்புறப்படுத்துவது என்ற ஒரே வழியை அவரும் ஒத்துக்கொண்டுவிட்டார். அந்த ஆட்களையே காவலுக்கும் பராமரிப்புக்கும் வைத்து ஊரை அங்கேயே சீர்செய்திருந்தால் என்ன? 1881-ல் ஒரு ஆளிடம் செய்து பார்த்து வெற்றியும் கண்ட விஷயம்தானே.

கோபப்பட எனக்கு யோக்கியதை உண்டா என்றால், இல்லை. அதுதான் நான் பின்னால் வருகிறேன் என்று சொன்ன விஷயம். 2016-ல் நான் வேலை பார்த்த இடத்தில் எனக்கு ஒரு பிராஜெக்ட் வந்தது. ஒரு பழைய கோட்டை மதிலை ஒட்டி முப்பது, நாற்பது வீடுகள். மதிலில் ஆணி அடிக்கிறார்கள், அடுப்புப் புகை படிகிறது, சாக்கடை அஸ்திவாரத்தில் இறங்குகிறது. அவ்வளவும் உண்மை, நானே போட்டோ எடுத்தேன். அவர்களுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி மாற்று வீடு. ஊர் பெயர், ஆபீஸ் பெயர் வேண்டாம். டிராயிங் என்னுடையது. கான்கிரீட், உள்ளேயே டாய்லெட், மேலே டேங்க், கிராஸ் வென்டிலேஷன். சாவி கொடுத்த அன்றைக்கு எனக்கும் ஒரு சால்வை போட்டார்கள்.

எட்டு மாசம் கழித்து வேறு வேலையாகப் போனபோது பார்த்தேன், பாதி வீடு பூட்டிக் கிடந்தது, சிலவற்றில் வாடகைக்கு யாரோ. சொந்தக்காரர்கள் பழைய இடத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஆளுக்கொரு அறை பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் பூ கட்டுகிறவர்கள். விடியற்காலை நாலு மணிக்குக் கோயிலுக்குப் பூ போக வேண்டும். மதில் நிழலில் உட்கார்ந்துதான் கட்டுவார்கள், அங்கேயேதான் விற்பார்கள். புது வீட்டிலிருந்து அந்நேரம் பஸ் கிடையாது. என் டிராயிங்கில் திண்ணையும் கிடையாது. அங்கே ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, தம்பி, வீடு ரொம்ப நல்லாத்தான் இருக்கு, பூதான் அங்க வரமாட்டேங்குது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. இன்னொன்றும் சொன்னார். மதிலுக்கு அந்தப் பக்கம் இப்போது யாரும் இல்லாததால் ராத்திரியில் கல்லைப் பெயர்த்து எடுத்துப் போகிறார்களாம். முன்னால் நாங்க இருந்தப்போ ஒரு பய கை வைக்க மாட்டான் என்றார். போய்ப் பார்த்தேன். அடிவரிசையில் ஏழெட்டுக் கல் இல்லை.

அதற்கப்புறம்தான் பழைய நோட்டைத் தேடி எடுத்து, ஃபத்தியின் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். குர்னா கதையை அவரே 1969-ல் எழுதி எகிப்து அரசு வெளியிட்டது. 1973-ல் சிகாகோ பல்கலைக்கழகம் ஆர்க்கிடெக்சர் ஃபார் தி புவர் என்ற பெயரில் போட்டது. உலகம் முழுக்க ஆர்க்கிடெக்ட் மாணவர்கள் படிக்கிறார்கள். தோற்றுப்போன பிராஜெக்டைப் பற்றி, அதிலும் கணக்கு வழக்கு எல்லாம் போட்டு, இவ்வளவு விவரமாக எழுதியவர் நம் தொழிலில் யார் இருக்கிறார்கள்? நாம் எல்லாரும் சால்வை போட்ட போட்டோவை மட்டும்தான் ஆல்பத்தில் வைத்திருக்கிறோம். என் மரியாதை இதற்குத்தான். புத்தகத்தில் குர்னா ஜனங்கள் மேலும் அதிகாரிகள் மேலும் நிறையக் குறை சொல்கிறார், தன் மேல் கம்மியாகச் சொல்கிறார். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மிச்ச வாழ்க்கையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1950-களில் சொந்த நாட்டில் வேலை சரியாகக் கிடைக்காமல் ஏதென்ஸ் போய் சில வருஷம் இருந்தார். திரும்பி வந்து, கார்கா பாலைவனச் சோலையில் பாரிஸ் என்று ஒரு ஊர் கட்ட ஆரம்பித்தார். காற்றைப் பிடித்து நிலவறைக்கு இறக்கும் கூண்டுகளோடு சந்தை ஒன்று எழும்பியது. 1967 யுத்தம் வந்து அதுவும் பாதியில் நின்றது. இதற்கு நடுவே, 1960-களில், அஸ்வான் பேரணை கட்டியபோது நூபியர்களின் ஊர்களே தண்ணீருக்குள் போயின. சுமார் 50,000 பேரை வடக்கே கொண்டுபோய் வரிசை வரிசையான அரசாங்க வீடுகளில் இறக்கினார்கள். அதே அணைக்காக அபு சிம்பெல் கோயிலை 1964 முதல் 1968 வரை உலகமே பணம் போட்டுக் கல் கல்லாக அறுத்து 65 மீட்டர் மேலே ஏற்றிக் காப்பாற்றியது. அபாரமான எஞ்சினியரிங், சந்தேகமே இல்லை. நானும் காலேஜில் அதைப் பற்றி ஸெமினார் கொடுத்திருக்கிறேன். அந்த 50,000 பேரைப் பற்றி அதில் ஒரு ஸ்லைடுகூடப் போடவில்லை.

வயதான காலத்தில் ஃபத்திக்கு மரியாதைகள் வந்தன. 1980-ல் ஆகா கான் கட்டடக்கலை விருதுக் குழுவின் தலைவர் விருது, அதே வருஷம் ரைட் லைவ்லிஹுட் விருது. கெய்ரோவில் கோட்டைக்குக் கீழே ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் பூனைகளோடு இருந்தார். 1989 நவம்பர் 30 அன்று அங்கேயே காலமானார். வரைபடங்கள் கெய்ரோ அமெரிக்கன் யுனிவர்சிட்டி நூலகத்தில் இருக்கின்றன.

குர்னா அவரோடு முடியவில்லை. 2006 கடைசியில் அரசாங்கம் மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை புல்டோஸர். சில வருஷத்துக்குள் 3,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை வடக்கே கட்டிய புது வீடுகளுக்கு மாற்றிவிட்டு மலை வீடுகளை இடித்தார்கள். வண்ணம் பூசிய அந்த வீடுகளையும் ஒரு பாரம்பரியமாகக் கருத வேண்டும் என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். கேட்பார் இல்லை. இப்போது மலை மொட்டையாக, வாசல் வாசலாகக் கல்லறைகள் மட்டும் தெரிகிறது.

ஃபத்தியின் புது குர்னாவில் பிற்பாடு வேறு குடும்பங்கள் வந்து குடியேறின. பிள்ளைகள் பெருகியதும் மாடி வேண்டியிருந்தது, மண் வளைவு மேல் மாடி எப்படி எடுப்பது? இடித்துவிட்டுக் கான்கிரீட் போட்டார்கள். நிலத்தடி நீரும் உப்பும் ஏறி மிச்ச வீடுகளிலும் விரிசல். 2010-ல் அந்த ஊரையே உலக நினைவுச் சின்ன நிதியம் ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. யுனெஸ்கோவும் முன்கை எடுத்து, மசூதி மாதிரிப் பொதுக் கட்டடங்கள் சில புதுப்பிக்கப்பட்டன. பாரம்பரியத்தைக் காப்பாற்றக் கட்டிய ஊர், இப்போது அதுவே பாரம்பரியம். இனி அங்கே குடியிருப்பவர்களிடம் இதை இடிக்காதீர்கள் என்று யார் போய்ச் சொல்வது, எந்த முகத்தோடு சொல்வது என்பது ஒரு நல்ல ஸெமினார் தலைப்பு. ஃபைனல் இயர் ஆட்கள் யோசிக்கலாம்.

லக்ஸர் போகிற வாய்ப்பு யாருக்காவது கிடைத்தால், படகில் மேற்குக் கரைக்குப் போய், இரண்டு பெரிய மெம்னான் சிலைகளுக்குப் போகிற ரோட்டில் பாருங்கள், வழியிலேயே அந்த மசூதி வரும். நான் இன்னும் போகவில்லை. பூக்காரர்கள் விஷயத்தில், சாவி கொடுத்தாயிற்று, ஃபைல் மூடியாயிற்று என்று ஆபீஸில் சொன்னார்கள். மதில் ஓரம் பகலில் உட்கார ஒரு நிழல் கூரையும், ராத்திரி காவலுக்கு அவர்களிலேயே இரண்டு பேரும் என்று ஒரு பக்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவை திரும்பி வந்தது. நாலாவது தடவை கொடுக்கும்போது அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் எஸ்டிமேட் விளக்குவதற்குள் அவர் எந்தக் கல் எப்போது போயிற்று என்று தேதி வாரியாகச் சொல்லிவிட்டார். காவல் மட்டும் இப்போதைக்குச் சரி என்றிருக்கிறார்கள். கூரை ஃபைல் நடந்துகொண்டிருக்கிறது.

ஃபத்தியின் புத்தகத்தில் ஒரு பிரதியை நம் டிபார்ட்மெண்ட் லைப்ரரிக்குக் கொடுத்திருக்கிறேன். பின்னால் நிறைய போட்டோவும் பிளானும் இருக்கிறது. தயவுசெய்து பக்கத்தைக் கிழிக்காமல் படித்துவிட்டு, இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுத்துடுங்கப்பா.